திறக்க முடிகிற பெட்டி

அப்பாவின் ஆம்ப்ளிஃபயரைக் காராங்கூனிக்காரரிடம் கொடுப்பதா, பழுதுபார்த்து வைத்துக்கொள்வதா? சிங்கப்பூர் வீடுகளில் எழும் ஒரு கேள்வியோடு தேக்காவிலிருந்து கோல்மன் ஸ்திரீட் வரை

வீடு மாறும்போதுதான் இந்தக் கேள்வி எழும். தோ பாயோவில் முப்பது வருஷம் இருந்த குடும்பம் பொங்கோலுக்குப் போகிறது. புது அலமாரி, சுவரோடு ஒட்டிய புதுத் தொலைக்காட்சி எல்லாம் முடிவாகிவிட்டன. கூடத்தின் மூலையில் அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் மட்டும் மிச்சம். வெள்ளி நிற முகப்பு, இரு பக்கமும் மரப்பலகை, பதினைந்து கிலோ கனம். பக்கத்தில் துணி போர்த்திய இரண்டு ஸ்பீக்கர், மூடி கீறிப்போன ரெக்கார்டு பிளேயர், இரண்டு அட்டைப்பெட்டி நிறைய எல்.பி.யும் கேசட்டும். கீழே, பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர் ஹார்ன் அடித்தபடி புளோக்கைச் சுற்றுகிறார். மகனுக்கு இதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உள்ளங்கை அகல புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வாங்க ஆசை. அப்பாவுக்கு மனம் வரவில்லை. அம்மா, “ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, லாரி பத்து மணிக்கு வருது” என்கிறார்.

ஒலிச் சாதனங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் இதில் இரண்டு கட்சி. “அந்தக் காலத்துச் சத்தம் இப்போது வராது” என்பது ஒரு கட்சி. “கருவி வைத்து அளந்து பார், புதுசுதான் சுத்தம்” என்பது மற்றது. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டுமே பெட்டியின் வயதைத்தான் பார்க்கின்றன. நான் பார்ப்பது வேறு. அந்தப் பெட்டியைத் திறந்து சரிசெய்ய முடியுமா? அது இல்லாவிட்டால் கேட்கவே முடியாத ஒலி ஏதாவது அந்த வீட்டில் இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் எந்தப் பெட்டியையும் காராங்கூனி வண்டியில் ஏற்றக்கூடாது.

சிங்கப்பூர்ச் சாமான்

எழுபது, எண்பதுகளில் நாகப்பட்டினத்திலோ காரைக்காலிலோ வளர்ந்தவர்களுக்கு சிங்கப்பூர் என்ற ஊர் ஒரு டேப்ரிக்கார்டராகத்தான் வீட்டுக்குள் வந்தது. எம்.வி. சிதம்பரம் கப்பலில் வந்து இறங்கிய பயணியின் கையில் நேஷனல் பானசோனிக் ‘டூ இன் ஒன்’ இருக்கும். சுங்கத்துறை மேசையைத் தாண்டிவிட்டால் அன்று மாலை தெருவே அந்த வீட்டுத் திண்ணையில் கூடும். இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு, சிங்கப்பூரில் வரியில்லாத துறைமுகம். சென்னை பர்மா பஜாரில் இந்தச் சரக்குக்கு இருந்த மவுசுக்கு அதுதான் காரணம்.

இங்கே சிங்கப்பூரிலோ கேட்கும் பழக்கம் கம்பி வழியாக வந்தது. 1949இல் தொடங்கிய ரெடிஃபியூஷன் சேவை, வீடுகளுக்கும் காப்பிக்கடைகளுக்கும் கம்பி இழுத்து ஒரு சிறு ஒலிபெருக்கிப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனது. 2012 ஏப்ரல் கடைசியில்தான் அதன் ஒலி நின்றது. தமிழர் வீடுகளில் வால்வு ரேடியோ ஆட்சி செய்தது. ‘புதுமைதாசன்’ பி. கிருஷ்ணனின் ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ வானொலி நாடகத்துக்காக, அறுபதுகளின் கடைசியில், குடும்பமே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தது.

பிறகு இந்த ஊரே பெட்டி செய்யத் தொடங்கியது. தோ பாயோவின் பிலிப்ஸ் தொழிற்சாலையிலும் ஜப்பானிய நிறுவனங்களின் கிளைகளிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் வைத்தார்கள். ‘மேட் இன் சிங்கப்பூர்’ என்று முதுகில் அச்சிட்ட ரேடியோக்களும் கேசட் டெக்குகளும் உலகெங்கும் போயின. இன்று சிங்கப்பூர்ப் பாட்டிகளில் சிலர் தங்கள் பேரன் தூக்கி எறிய நினைக்கும் பெட்டியை ஒரு காலத்தில் தங்கள் கையாலேயே பூட்டியவர்கள். பழைய சாதனங்களைப் பற்றிப் பேசுகிற ஊர்கள் பல உண்டு. அவற்றைச் செய்த கைகளும் உள்ளூரிலேயே இருக்கிற ஊர்கள் குறைவு.

தமிழ்த் திரையிசைக்கும் இதில் பங்கு உண்டு. சுஜாதாவின் நாவலை வைத்து எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘ப்ரியா’ 1978இல் வந்தது. கதை பெரும்பாலும் சிங்கப்பூரில் நடக்கும். இளையராஜா இசையில் அந்தப் படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாயின. தமிழில் அப்படிப் பதிவான முதல் படம் என்று அதைச் சொல்வதுண்டு. அடுத்த ஆண்டே கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’, சிங்கப்பூருக்கு வரும் ஓர் இசைக்குழுவின் கதையாக, எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் வந்தது. இடது ஸ்பீக்கரில் கிட்டாரும் வலதில் வயலினும் பிரிந்து ஒலிப்பதைக் கேட்பதற்காகவே அந்த நாளில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கியவர்கள் இருந்தார்கள். மூலையில் நிற்கும் அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் அந்தக் காலத்து வரவு.

மூடியைக் கழற்றினால்

எழுபதுகளின் ஜப்பானிய ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு நல்ல காலம் வாய்த்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974இல் ஒரு விதி போட்டது: எத்தனை வாட் என்று விளம்பரம் செய்தால் அதை இரண்டு பக்கமும் தொடர்ந்து தந்து காட்ட வேண்டும். வாய்க்கு வந்த எண்ணை அட்டையில் அச்சிட முடியாமல் போனதும் பயனியர், சான்சுய், கென்வுட், மராண்ட்ஸ் எல்லோரும் உண்மையான வாட்டுக்காகப் போட்டி போட்டார்கள். பெரிய டிரான்ஸ்ஃபார்மர், கனத்த ஹீட் சிங்க், தாராளமான கண்டன்சர். 1978இல் பயனியரின் எஸ்.எக்ஸ்-1980 பக்கத்துக்கு 270 வாட் வரை போய்விட்டது. அவ்வளவு எந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக்கும் தேவையில்லை. ஆனால் அந்தப் போட்டியில் நாற்பது, ஐம்பது வாட் ஆம்ப்ளிஃபயர்களும் கெட்டியாகச் செய்யப்பட்டன.

மேல்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும். ஒவ்வொரு ரெசிஸ்டரும் தனி, ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தனி. நிறுவனமே வெளியிட்ட சர்வீஸ் மேனுவலில் சர்க்யூட் படமும், எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அதை விரித்து வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரும் ஈயக்கோலுமாக உட்கார்ந்தால், வேலை தெரிந்த ஒருவர் எந்தக் கோளாறையும் தேடிப் பிடித்துவிடலாம். அந்தப் பெட்டியைச் செய்த நிறுவனம் இன்று இல்லாமலே போயிருக்கலாம். பழுது நீக்குவதற்கு அதன் தயவு வேண்டியதில்லை.

என்ன கெடும் என்பதும் தெரிந்ததே. முதலில் போவது எலக்ட்ரோலிடிக் கண்டன்சர். உள்ளிருக்கும் திரவம் காலப்போக்கில் வற்றும். சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. அதனால் சிங்கப்பூரில், தொலைக்காட்சி மேடையின் மூடிய அறைக்குள் ஆம்ப்ளிஃபயரைத் திணித்து வைப்பது அதற்குச் செய்கிற பெருங்கொடுமை. மேலே ஒரு சாண் இடம் விட்டு, காற்று போக வையுங்கள். வால்யூம் குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பயப்பட வேண்டியதல்ல. கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலைந்து முறை திருப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

ஆனால் பல வருஷம் வீட்டின் ‘பாம் ஷெல்டர்’ (புகலிட) அறைக்குள் கிடந்த பெட்டியை எடுத்த எடுப்பிலேயே சுவரில் செருகிவிடாதீர்கள். சேலம் ஆனாலும் சிராங்கூன் ரோடு ஆனாலும் பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ‘சீரீஸ் பல்பு’ வைத்திருப்பார்கள். குண்டு பல்பு ஒன்றின் வழியாகத்தான் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் போகும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து அதுவே பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். கோளாறு இல்லையென்றால் ஒரு கணம் மினுங்கி மங்கிவிடும். சில வெள்ளி செலவில் செய்துகொள்ளும் இந்த ஏற்பாடு, கிடைக்காத டிரான்சிஸ்டர்கள் பலவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. பழைய எண்கொண்ட டிரான்சிஸ்டர் என்று இணையத்தில் மலிவாக வருவதில் போலி நிறைய உண்டு. வேலை தெரிந்தவர்கள் அதை வாங்காமல், குணம் ஒத்த புது வகையைப் போடுகிறார்கள்.

இந்த ஊருக்கே உரிய எதிரி ஈரப்பதம். ஆண்டுச் சராசரி எண்பது சதவீதத்துக்கு மேல். எண்பதுகளின் ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றி நுரை வளையம் இருக்கும். பத்துப் பதினைந்து வருஷத்தில் அது பிசுபிசுத்து, தொட்டால் உதிர்ந்துவிடும். பாஸ் கேட்கும்போது படபடவென்று சத்தம் வந்தால் முன்வலையைக் கழற்றி அந்த வளையத்தைப் பாருங்கள். புது வளையம் ஒட்டலாம், பொறுமை மட்டும் வேண்டும். ரப்பர் வளையம் போட்ட ஸ்பீக்கர்கள் இதில் தப்பித்துவிடுகின்றன. இசைத்தட்டுகளிலும் கேசட்டுகளிலும் பூஞ்சணம் பிடிக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரியில், முக்கியமானவற்றை மட்டுமாவது வைப்பது நல்லது.

பழையதை இனிமேல்தான் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து நேராக வரவழைக்கும் சாதனம் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 230. மாற்றி அமைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் அந்த நொடியிலேயே கதை முடிந்தது. ஏற்றுமதிக்காகச் செய்த பெட்டிகள் பலவற்றின் முதுகில் வோல்ட் மாற்றும் திருகு இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். சில ரெக்கார்டு பிளேயர்களின் மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பிச் சுழலும். 60 ஹெர்ட்ஸ் ஊருக்குச் செய்ததை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, டி.எம்.எஸ். இன்னும் கனத்த குரலில் பாடுவார். அதற்கு மோட்டாரின் புல்லி மாற்ற வேண்டும். டைரக்ட் டிரைவ் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 1972இல் வந்து, 2010இல் நிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் விற்பனைக்கு வந்ததே, அந்த அமைப்பின் உறுதிக்குச் சாட்சி.

நடுவில் வந்தவையும் நேற்று வந்தவையும்

பழையது என்றாலே பழுதுபார்க்கக் கடினம் என்று நினைக்கிறோம். நடப்பு நேர்மாறு. 1975ஆம் ஆண்டு ஆம்ப்ளிஃபயரை எழுப்புவது எளிது. 1995ஆம் ஆண்டு சி.டி. பிளேயரை எழுப்புவதுதான் பாடு. அதன் லேசர் தலை தேய்ந்துவிட்டால், அந்தக் குறிப்பிட்ட தலையை இன்று யாரும் செய்வதில்லை என்றால், வேறொரு செத்த பிளேயரைத் தேடிப் பிடித்து அதிலிருந்து பிடுங்க வேண்டும். எண்பது, தொண்ணூறுகளின் ‘மினி காம்போ’ பலவற்றில் ஆம்ப்ளிஃபயர் முழுவதும் எஸ்.டி.கே. என்ற ஒற்றைக் கட்டைக்குள் அடங்கியிருக்கும். அது போனால் உள்ளே கைவைக்க வழியில்லை. மாற்றுக் கட்டை அசலா போலியா என்று பார்ப்பதே தனி வேலை.

இன்றைய பெட்டிகளின் சிக்கல் இன்னும் விசித்திரமானது. ஒரு கம்பியும் அறுந்திருக்காது, ஒரு கண்டன்சரும் வற்றியிருக்காது, ஆனாலும் பெட்டி வேலை செய்யாது. சோனோஸ் நிறுவனம் 2020 ஜனவரியில், தன் பழைய ஸ்பீக்கர்கள் சிலவற்றுக்கு அந்த மே மாதத்துக்குப் பின் மென்பொருள் புதுப்பிப்பு கிடையாது என்று அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். 2024 மே மாதம் அதே நிறுவனம் செயலியை முழுதாக மாற்ற, முன்பு வேலை செய்த வசதிகள் பல காணாமல் போயின. 2025 ஜனவரியில் அதன் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 2025 மார்ச்சில் கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ பெட்டிகள் உலகெங்கும் ஒரே நாளில் ஊமையாயின. உள்ளே இருந்த மின்னணுச் சான்றிதழ் ஒன்றின் தவணை முடிந்ததுதான் காரணம். சில நாளில் சரிசெய்தார்கள். சரிசெய்ய முடிந்தது நிறுவனத்தால் மட்டுமே. வீட்டில் இருப்பவரும் சிம் லிம் டவர் மெக்கானிக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

இதை வைத்துப் புதியதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இணைய ஓடை (ஸ்ட்ரீமிங்) வழி இசை கேட்க ஒரு சிறு பெட்டி வாங்குங்கள், ஆனால் அதை ஆம்ப்ளிஃபயரிலிருந்து தனியாக வாங்குங்கள். மென்பொருள் செத்தால் அந்தச் சிறு பெட்டி மட்டும் போகட்டும். ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஓடைப்பெட்டி மூன்றும் ஒரே உடலில் இருந்தால் ஒன்றின் சாவு மூன்றின் சாவு.

அடெல்ஃபியில் காசு எதற்கு

சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், கோல்மன் ஸ்திரீட்டில், அடெல்ஃபி கட்டடம். பழைய அடெல்ஃபி ஹோட்டல் இருந்த இடம். சிங்கப்பூரின் ஹை-ஃபை கடைகள் பல காலமாகக் கூடியிருக்கும் கட்டடம் இதுதான். சில ஆயிரம் வெள்ளியில் தொடங்கி, வீட்டு முன்பணம் அளவுக்குப் போகும் ஸ்பீக்கர் வரை கண்ணாடிக் கதவுகளுக்குள் இருக்கின்றன. உள்ளே போய்க் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உங்களுக்கு வரிவரியாகத் தெரிந்த பாட்டைக் கொண்டுபோய், வீட்டில் கேட்கும் அதே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தேர்ந்தெடுத்த ஜாஸ் பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாக இருக்கும்.

புதியது பழையதை உண்மையாகவே வென்ற இடம் ஸ்பீக்கர். நெவில் தீல் 1961இலும் ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும், பெட்டியின் அளவுக்கும் கூம்பின் குணத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்காக்கித் தந்தார்கள். எண்பதுகளில் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஃபிளாய்ட் டூல், ஸ்பீக்கர் எதுவென்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வைத்து மக்களைக் கேட்க வைத்து, எந்த அளவீடு காதுக்குப் பிடிக்கிறது என்று கண்டறிந்தார். அந்த அறிவெல்லாம் இன்று சில நூறு வெள்ளி ஸ்பீக்கருக்குள்ளும் இறங்கிவிட்டது. எழுபதுகளின் பெரிய அலமாரி ஸ்பீக்கர்களில் பல, சுவரை ஒட்டிய வீவக கூடத்தில் கொழகொழவென்று பாஸ் கொட்டும். விதிவிலக்கு உண்டு. எழுபதுகளில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ, மூடிய சிறு பெட்டி. நம் அறைகளுக்கு அளவெடுத்தது போல இருக்கும். அதை இன்றும் செய்கிறார்கள்.

டிஜிட்டலை ஒலியாக மாற்றும் ‘டேக்’ விஷயத்தில் பேச்சே வேண்டாம். இருபது வருஷத்துக்கு முன் பெருந்தொகை கொடுத்தாலும் கிடைக்காத சுத்தம் இன்று நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. இந்த இடத்தில் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்து உலகக் கணினிகளுக்கெல்லாம் குரல் கொடுத்த சிம் வோங் ஹூவை நினைக்காமல் போக முடியாது. 1981இல் கிரியேட்டிவ் நிறுவனத்தைத் தொடங்கிய இந்தச் சிங்கப்பூரர் 2023 ஜனவரியில் காலமானார்.

ஆகவே கையில் ஆயிரம் வெள்ளி இருந்தால் என் கணக்கு இது: அப்பாவின் ஆம்ப்ளிஃபயரைச் சுத்தம் செய்து கண்டன்சர் மாற்றக் கொஞ்சம், ரெக்கார்டு பிளேயருக்குப் புது முள் ஒன்று, மீதி அத்தனையும் ஸ்பீக்கருக்கு. முள்ளில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஐந்நூறு முதல் ஆயிரம் மணி நேரத்தில் அது தேயும், தேய்ந்த முள் தட்டை அறுத்துவிடும். தட்டு போனால் திரும்ப வராது.

மோனோ பொத்தான்

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் சொல்ல விரும்பிய பகுதி இதுதான். நம் பாட்டுகளுக்கு அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுவதற்குப் பாசத்துக்கு அப்பால் ஒரு காரணம் இருக்கிறது.

எம்.கே.டி., ஜி. ராமநாதன், விஸ்வநாதன்-ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன் காலத்துத் தமிழ்ப் பாடல்கள் மோனோவில் பதிவானவை. முதலில் அரக்கால் செய்த 78 வேகத் தட்டுகள். இந்தியாவில் அவை அறுபதுகளிலும் வந்துகொண்டிருந்தன. பிறகு நாலு பாட்டு அடங்கிய 45 வேக ஈ.பி.க்கள். தேக்கா பக்கத்து வீடுகளிலும் செம்பவாங்கின் பழைய கடற்படைத் தளக் குடும்பங்களிலும் எஞ்சியிருக்கும் பெட்டிகளைத் திறந்தால் கொலம்பியா, ஓடியன் முத்திரையோடு இவைதான் கிடைக்கும்.

மோனோ தட்டில் இசை, பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கும். தூசும் கீறலும் தேய்மானமும் முள்ளை மேலும் கீழுமாகவும் ஆட்டும். ஸ்டீரியோ முள் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். அப்போது ஆம்ப்ளிஃபயரில் ‘மோனோ’ பொத்தானை அழுத்தினால், இடமும் வலமும் ஒன்றாகக் கலந்து, அந்த மேல்கீழ் ஆட்டத்தின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பி. சுசீலாவின் குரல் பின்னணிச் சரசரப்பிலிருந்து விலகி நடுவில் வந்து நிற்கும். ஒரு முறை கேட்டவர்கள் அந்தப் பொத்தான் இல்லாத ஆம்ப்ளிஃபயரை வாங்க மாட்டார்கள். இன்றைய ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. விலை ஏற ஏறப் பொத்தான்கள் குறைவது இப்போதைய வழக்கம்.

அதே முகப்பில் ‘லௌட்னெஸ்’ என்று இன்னொரு பொத்தான். சத்தம் குறையும்போது நம் காது பாஸை அதிகமாக இழக்கிறது என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். இரவில் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு தராமல் மெல்லக் கேட்கும்போது, அந்த இழப்பை இந்தப் பொத்தான் ஈடுகட்டும். அடுக்குமாடி வாழ்வுக்கென்றே செய்தது போன்ற வசதி, இதுவும் மறைந்து வருகிறது.

78 வேகத் தட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் பள்ளம் அகலம். எல்.பி. முள்ளின் நுனி சுமார் 18 மைக்ரான். 78க்கு 75 மைக்ரான் வேண்டும். எல்.பி. முள்ளை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் புழுதியில் உழன்று இரைச்சலைத்தான் தரும். 78 வேகம் உள்ள பழைய பிளேயர் வீட்டில் இருந்தால், அதற்குரிய முள்ளைத் தனியாக வாங்கி மாட்டுங்கள்.

சுங்கை ரோடு போன பிறகு

பழுதுபார்ப்பது எளிது என்று எழுதிவிட்டேன். யார் பார்ப்பது என்பது கடினமான கேள்வி. தேக்காவிலிருந்து கால்மணி நேர நடையில், ரோச்சோர் கால்வாய் ஓரம், சுங்கை ரோடு சந்தை இருந்தது. 1930களிலிருந்து இருந்த சந்தை. தரையில் விரித்த கித்தானில் வால்வு ரேடியோ, பாதி பிரித்த டெக், ஒற்றை ஸ்பீக்கர், கயிறு கட்டிய கேசட் கட்டு. வாடகை இல்லாமல் முதியவர்கள் கடை போட்ட அந்த இடம் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே ஜாலான் புசார் ரயில் நிலையம் திறந்தது. ரயில் வேண்டாம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு டெக்கின் உடைந்த பொத்தானுக்குப் பதில், அதே மாதிரியின் பிணம் ஒன்றைத் தேடிப் போக இந்த ஊரில் இருந்த பொது இடம் அதோடு போனது.

சிம் லிம் டவர் இருக்கிறது. பக்கத்து சிம் லிம் ஸ்குவேரின் கூட்டமும் விளக்கும் இங்கே இல்லை. கண்டன்சரையும் ரெசிஸ்டரையும் இழுப்பறைகளில் எண் ஒட்டி வைத்திருக்கும் கடைகள். கடையில் இருக்கும் அங்கிளிடம் பழைய கண்டன்சரை நீட்டினால், எழுத்தைப் படிக்காமல் அளவைப் பார்த்தே இழுப்பறையைத் திறப்பார். அவர் வயதுக்காரர்கள்தான் இந்தத் தொழிலில் மிகுதி. அடுத்து உட்கார ஆள் வேண்டும்.

ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவை இந்த நகரம் உண்டாக்குகிறது. 2019இல் வளங்காப்புச் சட்டம் வந்து, 2021 ஜூலை முதல் உற்பத்தியாளர்களே பொறுப்பேற்கும் முறை நடைமுறைக்கு வந்தது. மறுசுழற்சித் தொட்டிகள் நிறைய வந்துவிட்டன, நல்லது. மறுசுழற்சி என்பது நசுக்கிச் செம்பும் தங்கமும் எடுப்பது. ஓடுகிற ஆம்ப்ளிஃபயரை நசுக்குவது வீண். 2014இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ போன்ற முயற்சிகளில், புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு, தொண்டூழியர்கள் பொருளின் சொந்தக்காரரையே ஈயக்கோல் பிடிக்க வைக்கிறார்கள். நம் இளைஞர்கள் அங்கே போக வேண்டும். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளைக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைவிட நல்ல பாடநூல் கிடைக்காது.

பெட்டியில் கிடக்கும் குரல்கள்

அந்த அட்டைப்பெட்டிகளுக்கு வருவோம். எல்.பி.யில் உள்ள சினிமாப் பாட்டு வேறு எங்கேயாவது கிடைக்கும். கேசட்டில் இருப்பது கிடைக்காது. 1982இல் தேக்காவில் நடந்த கல்யாணத்தின் நாகஸ்வரம். ஊரிலிருந்து பாட்டி பேசி அனுப்பிய கேசட் கடிதம். படிக்கத் தெரியாத பாட்டிகள் அப்படித்தான் மகனுக்கு எழுதினார்கள். கோயில் திருவிழாக் கச்சேரி, வானொலியில் வந்த நாடகத்தை ரேடியோ முன் பிடித்துப் பதிந்தது, பள்ளிப் பேச்சுப் போட்டி. சிங்கப்பூர்த் தமிழரின் பேச்சு ஐம்பது வருஷத்துக்கு முன் எப்படி ஒலித்தது என்பதற்கு இவையும் ஆவணம். தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறு பதிந்து வருகிறது. வீட்டுக்குள் பதிந்தவற்றை வீட்டார்தான் காக்க வேண்டும்.

காலம் அதிகமில்லை. காந்த நாடாக்களை ஓட்டும் கருவியும் உதிரிப்பாகமும் அறிந்தவர்களும் 2025 வாக்கில் அருகிவிடுவார்கள் என்று யுனெஸ்கோவும் உலக ஒலிக்காப்பகச் சங்கமும் 2019இலேயே எச்சரித்தன. அந்த ஆண்டு கடந்துவிட்டது. நல்ல டெக் ஒன்று வீட்டில் இருக்கிறது என்றால், அதுதான் அந்தப் பெட்டி முழுவதற்கும் சாவி.

வேலை முறை இது. டெக்கின் பெல்ட் கூழாகியிருக்கும், முதலில் அதை மாற்றுங்கள். ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பூஞ்சணம் பிடித்த கேசட்டை அப்படியே போடாதீர்கள்; ஹெட்டையும் அடுத்த கேசட்டையும் கெடுக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் ஓட்டும் கருவியின் சாய்வும் ஒத்துப்போனால்தான் ‘ச’வும் ‘ஸ’வும் தெளியும். டேப் ஓடும்போது அந்தத் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, குரல் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். இதை நல்ல கடைகளும் சில நேரம் செய்வதில்லை. கடையில் கொடுத்தால் கேட்டு வாங்குங்கள். கணினியில் பதியும்போது எம்.பி.3 வேண்டாம், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை நகலில் மட்டும் பயன்படுத்துங்கள், அசலைத் தொடாதீர்கள்.

பதியும் நாளில் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். யார் குரல், எந்த ஊர், எந்த வருஷம் என்பதை அவர் சொல்லச் சொல்லக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். இரண்டு பிரதி, இரண்டு வேறு வீடுகளில். எல்லா டேப்பும் முடிந்த பிறகு டெக்கை வைத்திருப்பதா விற்பதா என்று யோசிக்கலாம். விற்பதானால் ஓடுகிற நிலையில், பெல்ட் மாற்றி, மேனுவலோடு விற்றுவிடுங்கள். அதை வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு பெட்டி கேசட் காத்திருக்கும்.